எர்லிண்டா வைத்த படையல்

1977 பங்குனியிலிருந்து, ஷார்ஜா ரோலாவில் முத்துராமன் வீட்டு மொட்டைமாடியில் காகத்துக்கு வைத்த சோற்று உருண்டைகள் கைப்பிடிச் சுவரில் உட்காரவில்லை. ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றன. மாதத்துக்கு ஒன்றாக ஐப்பசிக்குள் எட்டு சேர்ந்துவிட்டன. அவை கெடவில்லை, மணல் காற்றிலும் அசையவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் துணிக்கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். காகங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அது முத்துராமனின் தம்பி சீதாராமனுக்கான மாதத் திதிச் சோறு. எர்லிண்டா என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸைக் கட்டிக்கொண்டு அஜ்மானில் குடித்தனம் வைத்தவன் அவன். தங்கள் தஞ்சாவூர்க் குடும்பத்தில் அப்படி ஒருவரும் செய்ததில்லை என்று முத்துராமன் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. மஞ்சள் காமாலையில் தம்பி இறந்த அன்றுதான் போனார். அழவில்லை. காரியத்தை முடித்து, மறுநாள் டூட்டிக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு வெயிலும் ஏசியும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் திதியை விடவில்லை. காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது முறை. திதிதோறும் வீடே பொழுது சாயும்வரை பட்டினி கிடந்தது. அரிசியில்தான் கோளாறு என்று ஊரிலிருந்து பொன்னி தருவித்தார். அதுவும் அந்தரத்தில்தான் நின்றது.

எட்டாம் மாதம் மனைவி ஜெயலட்சுமி சொல்லிவிட்டாள்.

“ஏங்க, தம்பி கேக்குறது நம்ம சோறு இல்லீங்க. அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க.”

“அவ வந்து நம்ம வாசப்படிய மிதிக்கவா?”

“மொட்டைமாடிக்குத்தான் வெளிப்படி இருக்கே. உங்க கௌரவம் உள்ளயே பத்திரமா உக்காந்திருக்கட்டும்.”

அவர் அஞ்சியது படிக்கு அல்ல. அவள் சமைத்ததைக் காகம் எடுத்துவிட்டால் அவள் இந்த வீட்டு மருமகள். பிறகு இல்லையென்று சொல்ல முடியாது. மூன்று வாரம் யோசித்துவிட்டு, டாக்ஸி ஓட்டும் சுஐபிடம் சொல்லியனுப்பினார்.

கார்த்திகைத் திதியன்று எர்லிண்டா பீக்கோ கொண்டுவந்தாள். ஒட்டுகிற அரிசியைத் தேங்காய்ப்பாலிலும் கறுப்புச் சர்க்கரையிலும் கிளறி வாழையிலையில் பரப்பிய இனிப்பு அது. ஓரத்தில் கருகியிருந்ததை முத்துராமன் பார்ப்பதைக் கண்டாள்.

“அண்ணா, அவருக்கு அடி புடிச்சதுதான் ஆசை,” என்றாள், தம்பி பேசிய அதே தமிழில்.

துண்டைச் சுவரில் வைத்தாள். அது சுவரிலேயே உட்கார்ந்தது. அவள் கையை எடுப்பதற்குள் காகம் வந்து கொத்திக்கொண்டு போயிற்று. அப்போது மணி பதினொன்று ஐந்து.

ஜெயலட்சுமி மூன்று இலை போட்டாள். முத்துராமன் பீக்கோவை இரண்டு முறை வாங்கித் தின்றார். ருசி ஒன்றும் தெரியவில்லை, பசி அடங்கியது.

“அடுத்த திதி புதன்கிழமை வருதும்மா,” என்றார் கை கழுவும்போது. “தேங்காய் இங்க இருக்கு. அரிசி மட்டும் கொண்டா.”

மறுவருஷம் தம் அப்பாவின் திவசத்துக்கும் அவளையே சமைக்கச் சொன்னார். அப்பாவும் மறுக்கவில்லை.