பின் அடித்த எட்டுப் பக்கங்கள்

ஸ்டேப்ளர் பின்னை முன்பக்கமாக இழுத்தால் தாள் கிழிந்துவிடும். புத்தகத்தைத் திருப்பி, மடங்கிய கால்கள் இரண்டையும் முதலில் நிமிர்த்த வேண்டும். பிறகு மறுபக்கம் லேசாக நெம்பினால் பின் தானாகக் கையோடு வரும். அறிவியல் டீச்சருக்கு இது அத்துப்படி. பள்ளிக்குப் புதுப் புத்தகங்கள் வரும்போதெல்லாம் இனப்பெருக்கப் பாடத்தின் எட்டுப் பக்கங்களையும் சேர்த்துப் பின் அடித்தவளே அவள்தான். அவள் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே அங்கே அதுதான் வழக்கம். புத்தகங்கள் பள்ளிக்குச் சொந்தம்; வருடக் கடைசியில் திரும்ப வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுப்பார்கள்.

இந்த வருடம் அந்தப் பாடத்தைக் கட்டாயம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

"அடிச்சதும் நீங்க, புடுங்குறதும் நீங்களா?" என்று சிரித்தார் ஆய்வக உதவியாளர். "பின் கம்பெனிக்காரன் உங்களுக்குச் சிலை வைக்கணும்."

"சும்மா இருங்கண்ணே. அடுத்த பீரியடே நடத்தணும். வாய் வருமான்னு தெரியல."

"பசங்களையே படிச்சுக்கச் சொல்லிட்டு வந்துடுங்க. யாரு பாக்கப் போறா?"

இருபத்தேழாவது புத்தகத்தில் அவள் கை நின்றது. இயந்திரம் மடக்கினால் இரண்டு கால்களும் ஒரே மாதிரி வளையும். இவை கோணல்மாணலாக இருந்தன. யாரோ கழற்றிப் படித்துவிட்டு, அதே துளைகளில் திரும்பச் செருகி, நகத்தால் அழுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஓரத்தில் பென்சில் எழுத்து: 'ரெண்டு மாசமா வரல. நோயா?'

இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஆசிரியர் அறை வாசலில், "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்று வந்து நின்ற மாணவியுடையது. டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எதுவானாலும் அம்மாகிட்ட கேளு." அந்தப் பெண் அம்மாவிடம் கேட்கவில்லை. யாரோ கொடுத்த மருந்தைக் குடித்து அடுத்த வாரம் செத்துப்போனாள். அன்றிலிருந்து அந்தக் குரல் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திரும்பினால் ஆள் இருக்காது.

வகுப்பில் அந்தப் புத்தகத்தைத்தான் திறந்தாள். பென்சில் வரியை உரக்கப் படித்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாரு டீச்சர் கேட்டது?"

"உங்களுக்கு முன்னாடி படிச்ச பொண்ணு." டீச்சர் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "நோய்தான்னு இல்லம்மா. உடம்புல சத்து இல்லாட்டியும் தள்ளிப்போகும். கரு தங்கியிருந்தாலும் நின்னுபோகும். எதுன்னு டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க. யாருக்கு இப்படி ஆனாலும் என்கிட்ட வாங்க, திட்ட மாட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு கரும்பலகையில் கருப்பையை வரைந்து, அதன் உட்சுவர் மாதாமாதம் எப்படித் தடித்து, எப்படிக் கழிகிறது என்று மணி அடிக்கும்வரை விளக்கினாள்.

வகுப்பு காலியானது. பலகையைத் துடைக்கும்போது முதுகுக்குப் பின்னால் அதே குரல்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

அவளுக்குத் திரும்பப் பயமாக இருந்தது. திரும்பினாள். பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மாணவி நின்றிருந்தாள். தரையில் அவள் நிழலும் விழுந்திருந்தது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. கேளு."