மாப்பிள்ளையின் பின்னங்கால்

டாக்டரம்மா இடுப்பைத் தொடவே இல்லை. நேராகக் கழுத்தில் கை வைத்தார். எனக்குப் பகீரென்றது. எங்கள் நாய் மாப்பிள்ளை, இடுப்பு மூட்டு தேய்ந்ததிலிருந்து தொட்டவர் கையையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரவேண்டும் என்பதால் வந்த பெயர் அது. இப்போது நிஜமாகவே எழுந்திருக்க முடியவில்லை. இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கைவிரித்துவிட்டார். “ரொம்ப வேதனப்பட விடாதீங்க, ஒரு ஊசி...” என்று அவர் இழுத்தபோதே என் வீட்டுக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த டாக்டரே பின்னால் ஓடிவந்து, கடைசியாக இதையும் பார்த்துவிடுங்கள் என்று இந்த இடத்தைச் சொன்னார். நாய்களுக்குக் கைரோபிராக்டிக். முதுகெலும்பையும் மூட்டையும் வெறும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியமாம்.

“வலி இடுப்புல. இவங்க என்னடான்னா கழுத்தப் பிடிக்கிறாங்க,” என்று வீட்டுக்காரர் என் காதைக் கடித்தார்.

டாக்டரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “பின்னங்கால் பாரத்தையும் சேத்து இத்தன நாளா முன்பக்கந்தாங்க சுமந்திருக்கு. தொட்டுப் பாருங்க.”

வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர் அவர். தட்டிப் பார்த்தே அடியில் சிமென்ட் இருக்கிறதா, காலியா என்று சொல்லிவிடுவார். கழுத்தில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. “கல்லு மாதிரி இருக்குடி,” என்றார்.

டாக்டரம்மாவின் விரல்கள் ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டு கீழே இறங்கின. ஓரிடத்தில் நின்று, சட்டென்று ஒரு சின்ன அழுத்தம். அவ்வளவுதான். மாப்பிள்ளை உறுமப்போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவனோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, மோவாயைப் பாயில் சாய்த்துக் கண்ணை மூடினான். எங்கள் யாரையும் அண்டவிடாத அந்த இடுப்பை டாக்டரம்மா இரண்டு கையாலும் ஏந்தியபோது, திரும்பி அவர் மணிக்கட்டை நக்கினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறை.

“தேஞ்ச மூட்டு தேஞ்சதுதாம்மா. அத நான் புதுசாக்க முடியாது. இறுக்கம் விட்டிருக்கு, இனி அவனே எந்திரிக்கப் பாப்பான். வீட்ல தரை எப்படி?”

“முகம் பாக்கலாங்க! நானே போட்டது,” என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“வழுக்குமா?”

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. “வழுக்கும்,” என்றார்.

அவர் ஊரையே கூட்டிவந்து காட்டிய தரை அது. துடைக்கும்போது செருப்போடு யாராவது வந்தால் வீடு ரெண்டாகும். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையை வாசலில் கிடத்திவிட்டு உள்ளே போனார். வேலை செய்யும்போது முட்டிக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் பாய், கால்மிதிகள், சாக்கு என்று அகப்பட்டதையெல்லாம் வாசலிலிருந்து சோற்றுத் தட்டு வரைக்கும் விரித்தார். அப்படியும் தட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தரை பளபளவென்று மிச்சம் இருந்தது.

வாசலில் ஏதோ உரசும் சத்தம். திரும்பினேன். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்! யாரும் பிடிக்காமல், நாலு காலில்.

“ஏங்க...” என்றேன்.

பின்பக்கம் ஆடிஆடி ரப்பரைக் கடந்தான், சாக்கைக் கடந்தான். பளபளப்பு தொடங்கும் இடத்தில் நின்று வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் மண்டியிட்டு, அவன் மிதித்து வரட்டும் என்று சிமென்ட் தின்ற இரண்டு உள்ளங்கைகளையும் மல்லாத்தித் தரையில் பதித்தார்.

“வாடா மாப்ள. வா.”

முன்னங்கால்கள் கைகளைத் தாண்டிப் போயின. தரையில் தலைகீழாகத் தெரிந்த இன்னொரு மாப்பிள்ளையும் கூடவே நகர்ந்தான். பின்னங்கால் ஒன்று நடுங்கிக்கொண்டே எழுந்து, அவர் உள்ளங்கையைத் தேடி முன்னால் வந்தது. வீட்டுக்காரர் கையை அசைக்கவே இல்லை.