வானத்தைக் காலி செய்தவர்கள்

தொட்டி நிறையத் தண்ணீரோடு மலையை நெருங்கிய ஹெலிகாப்டர், ஒரு சொட்டுகூட ஊற்றாமல் திரும்பிப் போயிற்று. செங்கம் சாலையில் இருக்கும் தன் ஸ்டூடியோவின் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்த சினேகாவுக்குக் காரணம் புரியவில்லை. காய்ந்த புல்லைத் தின்றபடி நெருப்பு மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. வனவர் அருணாதேவி. காக்கிச் சட்டை முழுக்கக் கரி.

"கல்யாணத்துக்கு ட்ரோன் விடுறது நீங்கதானே?"

"ஆமா மேடம். ஆனா என்னுது பெட்டியிலதான் இருக்கு."

"நீங்கன்னு சொல்லலம்மா. எவனோ மலைக்கு மேல ஒண்ணு விட்டிருக்கான். றெக்கையில பட்டா ஹெலிகாப்டரே விழுந்துடும். அது இறங்கினாத்தான் வருவேன்றாரு பைலட். எங்காளுங்க நாலு பேரு மேல மாட்டினுகீறாங்க."

குரலில் மிரட்டல் இல்லை. சொல்லிக்கொண்டே மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊரிலுள்ள வீடியோக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சினேகா பேசி அனுப்பினாள். 'என்னுது இல்லை' என்று ஒவ்வொருவராகப் பதில் போட்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவனான இளவரசன் போன் செய்தான். "என்னுதுதான்க்கா. தீயைத்தான் எடுத்துனு இருந்தேன். இதோ இறக்கிடறேன்."

ஹெலிகாப்டர் மறுபடி வந்தது. தண்ணீர் வெள்ளைத் திரையாக விரிந்து விழுந்ததைப் பார்த்தபோது சினேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. நால்வரும் இறங்கி வந்தார்கள், ஒருவருக்குக் கையில் தீக்காயத்தோடு.

மறுநாள் கலெக்டர் ஆபீசில் கூட்டம்; வீடியோக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாவட்டம் முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டுவிடலாம் என்றார் ஓர் அதிகாரி. கடைசி வரிசையில் இளவரசன் தலை நிமிரவில்லை. தன் பிழைப்பும் போயிற்று என்று சினேகா நினைத்தபோது அருணாதேவி எழுந்தாள்.

"ஹெலிகாப்டர் வருதுன்னு தெரிஞ்சே விட்டா கேஸ் போடுங்க சார். ஆனா அது வருதுன்னு இவங்களுக்கு உடனே தகவல் போகணும். நேத்து யாரும் சொல்லல. இவங்க குழுவில சொன்னதும் இறக்கிட்டாங்க."

"தப்புப் பண்ணவங்களையே நம்பச் சொல்றீங்களா?"

"நேத்து அவங்களை நம்பித்தான் சார் எங்காளுங்க உசுரோட வந்தாங்க."

மலை உச்சியில் தீயில் மாட்டிக்கொண்டிருந்தவர்களின் மேலதிகாரி இவள். இளவரசன் மேல் கோபப்பட இவளைவிட உரிமை யாருக்கு இருக்கிறது என்று சினேகாவுக்குத் தோன்றியது. முடிவு எதுவும் சொல்லாமல், "அந்தக் குழுவுக்கு யாரும்மா பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார் அதிகாரி. சினேகா எழுந்து நின்றாள்.

வெளியே வந்தபோது அருணாதேவி பைக்கில் சாய்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தாள். அதன் அடிப்பாகம் உருகி, கற்கள் பதிந்து இறுகியிருந்தன. அவற்றைச் சாவியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். பிறகு அதையே மாட்டிக்கொண்டு, இன்னும் மெல்லப் புகைந்துகொண்டிருந்த மலையைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள்.