வாழைக்கன்றும் ஒன்பது சதவீதமும்

ஓடும் பஸ்ஸின் மூக்கில் முட்டிக் குழம்புகிற காற்றின் இழுவையைக் குறைப்பதுதான் எழிலரசியின் வேலை. வளைவை எந்தப் பக்கம் மாற்றினால் இழுவை குறையும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்தப் பக்கம் மயிரிழை நகர்த்தி மறுபடி கணக்கு. இப்படி மாதக்கணக்கில் பக்கக் கண்ணாடியைக்கூட விடாமல் இழைத்து, ஒன்பது சதவீதம் குறைத்துவிட்டாள்.

சோதனை ஓட்டம் ஆயுத பூஜைக்கு மறுநாள் அமைந்தது. மேனேஜர் ரகு பக்திமான். அந்த வழவழ மூக்கின் இருபுறமும் ஆளுயர வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை, அதன்மேல் 'காற்றை வென்றோம்' என்று பேனர். பக்கத்து ஊரான ஹெப்பகோடியைத் தாண்டுவதற்குள் பஸ் பழைய மாடலைவிட அதிக டீசல் குடித்திருந்தது.

"சார், வாழையக் கழட்டிட்டு இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றாள் எழிலரசி.

"சாமி விஷயம்மா, கை வைக்கக் கூடாது. வாழையையும் கம்ப்யூட்டர் மாடல்ல சேத்து ரன் பண்ணு. எங்க வச்சா இழுவை கம்மின்னு அதுவே சொல்லட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்தி கிடையாது. அது கன்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி, ஒன்றைப் படிக்கட்டிலும் மற்றதை டிரைவர் சீட்டிலும் கொண்டுபோய் நிறுத்தியது.

ரகு திரையை உற்றுப் பார்த்தார்.

"சூப்பர்ம்மா! அப்ப டிரைவர எங்க உக்கார வைக்கலாம்னு இன்னொரு ரன் போட்டுடு."