ஒப்புதல் தேவையில்லை

கட்டற்ற மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கான இணைய அகராதியில் கிளாரிஸ் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நாதன் ஒப்புதல் தரவேண்டும். அதற்குள் குறிப்புப் பெட்டியில் இருவரும் சண்டை போட்டுவிடுவார்கள். உள்ளூர் வழக்கில் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதான் என்பதற்கே ஒரு வாரம் வாதாடினார்கள்.

பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, அவளுடைய சொற்கள் மட்டும் நேரே ஏறும்படி நாதன் நிரலை மாற்றினான். அதன்பின் அவள் எதுவுமே எழுதவில்லை. சூலியா தெருவில் தேநீருக்கு அழைத்துக் கேட்டான்.

“உங்க வேலைய சுலபமாத்தானே ஆக்குனேன்?”

“நீங்க படிக்கமாட்டீங்கன்னா நான் யாருக்கு எழுதுறது லா?”

அன்றே பழையபடி மாற்றினான். இப்போதும் தினமும் ஒப்புதல் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். ஒப்புதலுக்குச் சொற்கள் எதுவும் இல்லை என்கிறது திரை.