அசையாத வரிசை

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பூங்கா வாசலிலிருந்து மேடை வரைக்கும் சாரணர் படைப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக விறைத்து நின்றார்கள். படை தொடங்கி அறுபது வருஷம், அதற்கான விழா. காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்ன நகராட்சித் தலைவர் உச்சிவேளை நெருங்கியும் வந்தபாடில்லை. நேரத்துக்கு வந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று இவர்களுக்கெல்லாம் யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ.

"கிளம்பிட்டார், இதோ வந்துட்டே இருக்கார்," என்றார் தலைவரின் உதவியாளர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. வெகுநேரமாக அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாரண ஆசிரியர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். பூங்கா ஓரத்துக் கூடத்தில்தான் படை இத்தனை காலமும் கூடுகிறது. கயிறு, கூடாரம், ஸ்ட்ரெச்சர் எல்லாம் அங்கேதான். அதை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாம் என்று நகராட்சியில் ஒரு பேச்சு. கூடம் இருக்குமா போகுமா என்பதைத் தலைவர் இன்று மேடையில் சொல்வார்.

அதனால்தான் ஆசிரியர் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார். "என்ன ஆனாலும் சரி, நான் விசில் ஊதுற வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது. நம்ம கூடமே உங்க கையிலதான் இருக்கு."

ஒரு தாய் தண்ணீர் பாட்டிலோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், என் பொண்ணு முகமே சரியில்ல. ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வந்துடறேனே."

"இப்ப வேணாம்மா. ஒருத்திக்குக் குடுத்தா வரிசையே கலைஞ்சுடும். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க."

சொல்லும்போதே அவருக்கு உறுத்தியது. ஆனாலும் சொன்னார். நாமும் அந்த இடத்தில் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

இத்தனைக்கும் இந்தப் படை பிறந்ததே ஒரு வெள்ளத்தில். ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்தபோது, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கதவுகளைக் கழற்றி, அவற்றில் நோயாளிகளைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் படையையே ஆரம்பித்தார்கள்.

வரிசையில் ஒரு சிறுமி தள்ளாடினாள். அந்தத் தாயின் மகள்தான். எல்லோரையும் விடக் குட்டி என்பதால் 'பொடிசு' என்று பெயர். முழங்கால் மடங்கியது. அப்படியே முகம் குப்புற விழுந்தாள்.

ஒருவரும் அசையவில்லை.

பக்கத்தில் நின்றவள் ஆசிரியரின் சொந்த மகள், அணித்தலைவி. முதலுதவிப் போட்டியில் பரிசு வாங்கியவள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கைகள் மட்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"பரவால்ல சார், நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க," என்றார் உதவியாளர் வியப்போடு. "சீக்கிரம் அந்தப் பிள்ளைய ஓரமா தூக்கச் சொல்லுங்க. கார் தெருவுக்குள்ள திரும்பிடுச்சு."

ஆசிரியர் அதற்குள் ஓடியிருந்தார். தாயும் ஓடி வந்தாள். புரட்டிப் பார்த்தால் சிறுமியின் உதடு கிழிந்து ரத்தம்.

"பக்கத்துலதானே நின்ன? ஏன் பிடிக்கல?" என்று ஆசிரியர் தன் மகளிடம் சீறினார்.

"நீங்க விசில் ஊதலையே சார்." சீருடையில் இருக்கும்போது அவளுக்கு அவர் சார்தான். "என்ன ஆனாலும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

"வரிசை, சார், வரிசை," என்று உதவியாளர் பல்லைக் கடித்தார். "கூடம் வேணுமா வேணாமா?"

ஆசிரியர் விசிலை ஊதினார். "எல்லாரும் நிழலுக்குப் போங்க. தண்ணி குடிங்க."

தலைவர் காரைவிட்டு இறங்கியபோது பாதை வெறிச்சென்று கிடந்தது. பிள்ளைகள் மரத்தடியில் பொடிசைச் சுற்றி நின்றார்கள். அணித்தலைவி அவள் கால்களை உயர்த்திப் பிடித்திருந்தாள். பொடிசு கண் திறந்தாள்.

"என்ன இது, வரவேற்பெல்லாம் ஒண்ணையும் காணோம்?" என்றார் தலைவர்.

ஆசிரியர் முன்னால் வந்தார். "உங்களுக்காக வெயில்ல நின்ன பிள்ளை மயங்கி விழுந்துடுச்சு சார். நிக்க வச்சது நான்தான். இனிமே யாருக்காகவும் நிக்க வைக்க மாட்டேன்."

தலைவரின் முகம் கறுத்தது. மேடைக்கே போகாமல் காரில் ஏறிப் போய்விட்டார். உதவியாளர் பின்னாலேயே ஓடினார்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "கூடம் போயிடுமா?"

"போனாப் போகட்டும்மா. பெரியவங்க வர்றாங்கன்னு பிள்ளைங்களை வெயில்ல காயவைக்கிறதுக்குப் பேரு மரியாதையும் இல்ல, ஒழுக்கமும் இல்ல. கொடுமை." அவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார். "பக்கத்துல ஒருத்தர் விழுந்தா யார் உத்தரவுக்கும் காத்திருக்காதீங்க. நானே அசையாதேன்னு சொன்னாலும் ஓடிப்போய்ப் பிடிங்க."