தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

1

இப்போதெல்லாம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்தான், 'உலகமே என் குடும்பம்' என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறான். நேற்றுகூட ஒருவன். கால் கடுக்க நின்றுகொண்டே அவன் சட்டையை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன். அந்தக் குடும்பத்தில் கிழவர்கள் கிடையாது போலிருக்கிறது.

இந்தக் கதை பிறந்தது அந்தச் சட்டையிலிருந்துதான். பல்கலைக்கழகத்தில் 'உலக இல்லம்' என்று ஒரு விடுதி. பல நாட்டுப் பிள்ளைகளைக் கலந்து தங்கவைத்து உலகக் குடிமக்களாக ஆக்குகிறார்களாம். சட்டை அங்கே கொடுப்பது. விடுதிக்குக் காப்பாளர் என் மருமகள். மரவேலை பார்ப்பது நான். விடுதி மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றாள்.

"அஞ்சாவதோட நின்னவன்கிட்ட வந்து கதை கேக்குறியே."

"படிச்சவங்க எழுதுனதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு மாமா. நீங்க பார்த்ததை எழுதுங்க. ஆனா நான், நான்னு எழுதாதீங்க. தள்ளி நின்னு எழுதுங்க. அப்பதான் கதை."

சரி, தள்ளி நிற்கிறேன். இனிமேல் இந்த ஆளுக்குப் பெயர் தச்சர்.

2

முதல் தொடக்கம்: பல தேசத்துப் பூக்கள் ஒரே தோட்டத்தில் பூத்துக் குலுங்கும் உலக இல்லத்தில், ஒரு நாள் காலை, தச்சர்—

இது அவள் எழுதிக் கொடுத்த வரி. அங்கே தோட்டமே கிடையாது. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைதான் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: தச்சருக்கு அந்த விடுதியைக் கண்டாலே ஆகாது, ஏனென்றால்—

[இதை மருமகள் அடித்துவிட்டாள். திரும்ப எழுதியிருக்கிறேன்.]

மூன்றாவது: மாடி அறைப் பையன் குட்டையன் தச்சரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "ஐயா, எங்களுக்கு ஒரு சுவர் வேண்டும்" என்றான்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மாடியில் கடைசி அறை. முன்பு அது இரண்டு அறை. உலகக் குடிமக்களுக்கு நடுவில் சுவர் ஆகாது என்று போன வருடம் இடித்து ஒன்றாக்கினார்கள். இடித்த இடத்தில் தரையில் ஒரு சிமெண்ட் பட்டை அப்படியே கிடக்கிறது. பட்டைக்கு இந்தப் பக்கம் நெட்டையன் கட்டில், அந்தப் பக்கம் குட்டையன் கட்டில். வேறு வேறு நாடு, வேறு வேறு பாஷை. குட்டையன் மட்டும் நம் மொழியைப் புத்தகத்தில் படித்திருந்தான். ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறவன் மாதிரிப் பேசுவான்.

"உங்களுக்குள்ள சண்டையா?" என்று தச்சர் கேட்டார்.

"இல்லை ஐயா. விளக்கு எரிந்தால்தான் அவனுக்கு உறக்கம். விளக்கு அணைந்தால்தான் எனக்கு உறக்கம். நாங்கள் உறங்கிப் பல வாரங்கள் ஆகின்றன."

பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேர் கண்ணும் சிவந்து, கீழே குழி விழுந்து கிடந்தது.

"ஆபீஸ்ல சொல்றதுதானே?"

"சொன்னோம். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். புரிந்துகொண்டோம் ஐயா. இருந்தும் உறக்கம் வரவில்லை."

[நெட்டையனுக்கு இருட்டு ஏன் ஆகாது? அவன் ஊரில் ஏதாவது நடந்திருக்கலாம். ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். கதை எழுதிப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு போரைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் அவனைக் கேட்கவில்லை. அதனால் வைக்கவில்லை.]

தச்சர் கிடங்கில் மிஞ்சிக் கிடந்த பிளைவுட்டைத் தூக்கிவந்து, அந்தச் சிமெண்ட் பட்டையின் மேலேயே சட்டம் அடித்து, கூரை வரைக்கும் ஒரு தடுப்பு எழுப்பினார். யாரிடமும் சொல்லவில்லை. சுவரை இடித்தபோதே குட்டையன் பக்கத்து வாசலை அடைத்துவிட்டதால், குட்டையன் போய்வரத் தடுப்பில் ஒரு கதவும் வைத்தார். கதவு என்றால் தாழ்ப்பாள் வேண்டுமே.

"எந்தப் பக்கம் போடட்டும்?"

"அவன் பக்கம் போடுங்கள்" என்றான் குட்டையன்.

நெட்டையனுக்குப் பேச்சு புரியவில்லை, ஆனால் தாழ்ப்பாள் புரிந்தது. தலையை வேகமாக ஆட்டிவிட்டுக் குட்டையன் பக்கம் கையைக் காட்டினான்.

தச்சர் எத்தனையோ வீட்டுக்குக் கதவு மாட்டியவர். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீட்டுக்கும் மாட்டியிருக்கிறார். தாழ்ப்பாள் என் பக்கம்தான் என்று மல்லுக்கு நின்றவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அடுத்தவன் பக்கம் போடு என்று இரண்டு பேரும் அடம்பிடித்தது அன்றைக்குத்தான். பெருந்தன்மையா, பயமா, இல்லை கிழவனை வைத்து விளையாடுகிறான்களா? ஒன்றும் விளங்கவில்லை. தாழ்ப்பாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

* இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தார்கள்.

4

இதுவரைக்கும் எழுதியதை மருமகளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இது கதைதானே?"

"கதைதானே கேட்ட."

"அந்தச் சுவர் நிஜமாவே இருக்கா?"

தச்சர் மின்விசிறியைப் பார்த்தார். கதை எழுதுகிற அவசரத்தில், படிக்கப்போவது யார் என்பது அந்த ஆளுக்கு மறந்தே போயிருந்தது.

"நாளைக்கு விடுதியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருது மாமா. மாடி வரைக்கும் ஏறிப் பார்ப்பாங்க. சுவரில்லாத விடுதின்னு வாசல்ல பெருசா எழுதி வெச்சுட்டு, உள்ள பலகை அடிச்சிருந்தா என்னை நிரந்தரம் பண்ணுவாங்களா, வீட்டுக்கு அனுப்புவாங்களா? உங்க பையன் வேலை தேடுற அழகு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். தச்சருக்குக் கூலி வேலை இருந்தால் உண்டு.

"பலகை இல்லாம பசங்க தூங்கலம்மா."

"நான் மட்டும் தூங்குறேனா? போன வருஷம் இடிச்சது நானா? மேல சொன்னாங்க, இடிச்சாங்க. இப்ப மேலேருந்து வந்து பார்க்கப் போறாங்க. கழட்டிடுங்க மாமா. கதையிலயும் கழட்டிடுங்க."

[கதையில் கழற்றியிருக்கலாம். ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. ஆனால் கோடு போட்ட பிறகும் அந்தப் பலகை மாடியில் நிற்குமே.]

5

முடிவு, மருமகள் சொன்னபடி: சுவர் விழுகிறது. இருவரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். நெட்டையன் இருட்டில் தூங்கக் கற்றுக்கொள்கிறான், குட்டையன் வெளிச்சத்தில். குழு கை தட்டுகிறது.

கட்டித் தழுவினால் தூக்கம் வருமா என்று கேட்டேன்.

இன்னொரு முடிவு: குழுத் தலைவர் தடுப்பைத் தட்டிப் பார்த்து, ஆகா, இதுவல்லவா உண்மையான—

வேண்டாம். எந்தத் தலைவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று: தச்சர் நெஞ்சை நிமிர்த்தி, என் கையால் கழற்றமாட்டேன் என்று—

பொய். தச்சர் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

6

பையன்கள் தடுக்கவில்லை. அதுவே தச்சருக்கு எரிச்சலாக இருந்தது. பலகை மேலே சாயாமல் குட்டையன் தாங்கிக்கொண்டான். கழன்ற ஸ்க்ரூக்களை நெட்டையன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். கதவை ஒட்டிய பலகை வந்ததும், நெட்டையன் பக்கத்து வெளிச்சம் குட்டையன் தலையணை வரைக்கும் போய் விழுந்தது.

நெட்டையன் அதைப் பார்த்தான். எழுந்துபோய் விளக்கை அணைத்தான்.

"வேண்டாம், எரியட்டும்" என்று குட்டையன் போய்ப் போட்டான்.

நெட்டையன் அணைத்தான். குட்டையன் போட்டான். இரண்டு பேருக்கும் மூக்கு விடைத்துக்கொண்டது. கையில் கட்டை இருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

"டேய், என்னங்கடா இது?"

"சுவர் வரும் முன் தினமும் இதுதான் ஐயா. எனக்காக அவன் அணைப்பான். அவனுக்காக நான் போடுவேன். விடியும் வரை."

விட்டுக்கொடுப்பதா இது, வீம்பா? ஒருத்தன் அடித்துப் பிடுங்கியிருந்தால் ஒருத்தனாவது தூங்கியிருப்பான். சுவர் இவர்களுக்கு எதற்கு வேண்டியிருந்தது? யாரை யாரிடமிருந்து காப்பாற்ற?

திரும்பினால் வாசலில் மருமகள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள், தெரியாது. உள்ளே வந்து தச்சர் கையிலிருந்து திருப்புளியை வாங்கினாள். நெட்டையன் ஸ்க்ரூக்களை அவளிடம் நீட்டினான். கழற்றவும் அந்தத் திருப்புளிதான், முடுக்கவும் அதுதான்.

"என்னம்மா செய்யப் போற?"

"நீங்க கீழ போங்க மாமா."

"சொல்லிட்டாவது—"

"பார்த்தா அதையும் எழுதிடுவீங்க. போங்க."

7

போய்விட்டேன். (தச்சர் போய்விட்டார். இனி யார் போனால் என்ன.)

குழு நாளைக்குத்தான் வருகிறது. இதை எழுதுகிறபோது மருமகள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் வேலையும் அந்த இரண்டு பேர் தூக்கமும் ஒரே பலகையில் நிற்கின்றன. நீங்கள் படித்தவர்கள், முடித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது ஒரு மாணவி சிரித்த முகமாக எனக்கும் ஒரு சட்டையை நீட்டினாள். 'உலகமே என் குடும்பம்.' அளவு சரியாக இருக்கும் என்றாள். இருக்கட்டும் தாயி என்று திருப்பிக் கொடுத்தேன். ஒரு அறையில் இரண்டு பேர் தூங்க வழி தெரியவில்லை, அதற்குள் உலகத்தை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

சைக்கிள் கொட்டகையைத் தாண்டியதும் நின்று, அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அடிக்கு அடி சட்டைப்பையில் தாழ்ப்பாள் இடித்துக்கொண்டே வந்தது. எந்தப் பக்கம் என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை.